அவன் காலும் என் காதும்

என் நண்பனுக்குப் புதுக் கால் வந்திருந்தது. "வந்து பாருடா" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான். போனில் பேசினால் எனக்குச் சரியாகக் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் அவன் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் போனேன்.

கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே நடந்து காட்டினான். கால் சாம்பல் நிறத்தில் ஒல்லியாக இருந்தது. அவன் அடி வைக்கும்போதெல்லாம் கணுக்கால் இருக்க வேண்டிய இடம் மடங்கி நிமிர்ந்தது.

"பழைய காலுல பாதி வெயிட்டுகூட இல்லடா. படி எறங்கும்போது வலியே தெரியல."

"யாரு கொடுத்தா?"

"வேற யாரு? கவர்மெண்டுதான். ஸ்பெஷலிஸ்ட் அவரே போன் பண்ணி அளவெடுக்க வரச் சொன்னாரு."

அவன் மனைவி தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தார். "நல்லா இருக்குல்லண்ணே?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். எனக்கு இரண்டு காலும் இருக்கிறது. இந்த வயதிலும் பாசார் சந்தைக்கு நடந்தே போய்வருகிறேன். அப்படியிருந்தும் அந்தக் காலைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

வெளியாட்களுக்கு இது விளங்காது. கால் போனவனைப் பார்த்துக் கால் உள்ளவன் ஏன் பொறாமைப்பட வேண்டும்? ஆனால் எனக்கு அந்தப் பொறாமை இளமையிலிருந்தே கூட வருவது. அது எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

நாங்கள் இருவரும் ஒன்றாகப் படையில் சேர்ந்தவர்கள். அவன் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளை. நான் கிள்ளானில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன். எங்கள் பிரிவில் தமிழர்கள் குறைவு என்பதால் சேர்ந்தே சாப்பிட்டோம், சேர்ந்தே திட்டு வாங்கினோம். பயிற்சி முடிந்ததும் வடக்கே தாய்லாந்து எல்லைக் காட்டுக்கு அனுப்பினார்கள். காட்டுக்குள் ஆயுதம் தூக்கியவர்கள் இன்னும் மிச்சமிருந்த காலம். அரசாங்கம் அவர்களைப் பயங்கரவாதிகள் என்றது. நாங்கள் "அவங்க" என்றுதான் சொல்வோம். அவர்களைக் கண்ணால் பார்த்தது அபூர்வம். அவர்கள் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத்தான் அதிகம் பார்த்தோம்.

அப்படி ஒன்றை என் நண்பன் மிதித்தான். ஹெலிகாப்டர் இறங்கும் இடம்வரை அவனைத் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். அவன் என் சட்டைக் காலரை விடாமல் பிடித்திருந்தான். அப்போது எனக்கு வந்தது அழுகை. பொறாமை கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்தது.

பயங்கரவாதிகளின் கண்ணிவெடியில் இளம் வீரர் காலை இழந்தார் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. அமைச்சர் ஒருவர் பழக்கூடையோடு இராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்து அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். விடுமுறையில் நான் கிள்ளானுக்குப் போனபோது, என் அம்மா அந்தப் படத்தைக் கத்தரித்துச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். நான் யூனிஃபார்மில் எடுத்து அனுப்பிய படம் அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் இருந்தது.

"அந்தப் புள்ளைக்காக வேண்டிக்கிறேன்டா" என்றாள் அம்மா. எனக்காக வேண்டிக்கொள்ள அப்போது காரணம் எதுவும் இல்லை.

காரணம் சீக்கிரமே வந்தது. சில மாதங்களில் அதே அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, எங்கள் வட்டாரத்தில் இனி ஒரு பயங்கரவாதிகூட இல்லை என்று அறிவித்தார். காடு சுத்தமாகிவிட்டது, மரம் வெட்டும் கம்பெனிகள் தைரியமாகத் திரும்பிப் போகலாம் என்றார். அதையே நாங்கள் முகாமில் ரேடியோ செய்தியில் கேட்டோம். எங்கள் சார்ஜென்ட் சிரித்துவிட்டார். "அப்போ நாம இங்க என்ன பண்றோம், மீன் பிடிக்கவா வந்தோம்?" என்றார். ஆனால் மேலிடத்து உத்தரவு மாறிவிட்டது. அதுவரை பாதையைத் துழாவித் துழாவி நடந்து போன இடத்துக்கு இனி லோரியில் போகலாம் என்றார்கள்.

அப்படிப் போன ஒரு காலையில் அரிசியும் டின் சார்டினும் ஏற்றியிருந்தோம். ஓட்டியவர் கிள்ளானுக்குத் தெற்கே தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் ஒரு கம்பத்தை, அதாவது கிராமத்தைச் சேர்ந்த மலாய்க்காரர். எங்கள் வயதுதான் அவருக்கும். நிதானமாக ஓட்டினார். மலாய்ப் பாட்டு ஒன்றை அரைகுறையாகப் பாடிக்கொண்டே வந்தார். நான் பின்னால், அவர் முதுகுக்கு நேர் பின்புறம் உட்கார்ந்திருந்தேன். நடுவே இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பாட்டு வந்தது. சரணத்தில் வார்த்தை மறந்து அவர் முனகத் தொடங்கினார். அப்போது முன்சக்கரம் வெடியின் மேல் ஏறியது.

சத்தம் கேட்டதாக நினைவே இல்லை. கண் விழித்தபோது வாய் நிறைய மண். யாரோ என் முகத்துக்கு மேல் குனிந்து கத்துகிறார்கள். உதடு அசைகிறது, குரல் வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தேன். டிரைவர் உட்கார்ந்திருந்த பக்கத்தில் லோரியே இல்லை.

என்னைக் கொண்டுபோய்ப் போட்ட வார்டில் பக்கத்துக் கட்டிலில் என் நண்பன் கிடந்தான். கால் புண்ணில் சீழ் வைத்ததால் அவனுக்கு மறுபடியும் அறுவை நடந்திருந்தது. ஒரு நாள் அதிகாரி ஒருவர் வந்து என் கட்டிலருகே நின்று நெடுநேரம் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் குனிந்து, புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்டார். உடம்பு பரவாயில்லையா என்று விசாரிக்கிறார் போல என்று நினைத்தேன். மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வலது காது கொஞ்சம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மழையில் வழுக்கி இராணுவ லோரி பள்ளத்தில் கவிழ்ந்தது, ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று செய்தி வந்திருந்தது. அன்று மழையே இல்லை. முகாம் அலுவலகத்தில் போய்க் கேட்டேன்.

அங்கிருந்தவர் வியப்போடு பார்த்தார். "நீயே ஒத்துக்கிட்டியாமே?"

"நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?"

"ஆஸ்பத்திரியில. தலையை ஆட்டினியாமே."

கணக்கு எளிமையானது. அந்தக் காட்டில் பயங்கரவாதிகள் இல்லை என்று அமைச்சர் சொல்லியாயிற்று. பயங்கரவாதிகள் இல்லையென்றால் கண்ணிவெடி இல்லை. கண்ணிவெடி இல்லையென்றால் என் காதைக் கெடுத்தது சாலை விபத்து. என் நண்பன் அறிவிப்புக்கு முன்னால் மிதித்தான். நான் போன லோரி அறிவிப்புக்குப் பின்னால் மிதித்தது. அவனுக்குப் போரில் பட்ட காயம், எனக்கு லோரி கவிழ்ந்த காயம்.

படையிலிருந்து வெளியே வந்த பிறகு இந்த வித்தியாசம் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போனது. அவனுக்குத் தனி வார்டு, சிறப்பு மருத்துவர், கால் தேயத் தேய மறுகால். நான் அரசு மருத்துவமனையில் விடிவதற்குள் போய் நம்பர் எடுத்துக் காத்திருப்பேன். காதுக்குள் ஒரு வண்டு ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். சில நாள் எழுந்து நின்றால் அறையே சுழலும். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தேன். வாக்கிடாக்கியில் கூப்பிடுவது காதில் விழாமல் போய் அந்த வேலையையும் விட நேர்ந்தது.

ஒரு வருடம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் ஒன்றில் அவனுக்கு மரியாதை செய்தார்கள். பொன்னாடை போர்த்தி, ஆளுயர மாலை போட்டு, நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவர் என்று மைக்கில் சொன்னார்கள். என் மனைவியின் அண்ணன் பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டினார்.

"எங்க மாப்பிள்ளையும் ஆர்மிதான். லோரி கவுந்து காது போயிருச்சு."

"ஓ, குடிச்சிட்டு ஓட்டினானா டிரைவர்?" என்றார் அவர்.

நான் மேடையைப் பார்த்துக் கை தட்டினேன். அவன் கால் போன கதையை அரசாங்கமே ஊருக்குச் சொன்னது. என் காது போன கதையை நான் சொன்னால் கதை விடுகிறேன் என்று அர்த்தம். அவன் மாலையைக் கழற்றாமலே கீழே இறங்கிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். சாமந்தி வாசனை மூக்கில் ஏறியது. அவன் நல்லவன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதுக் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று கிள்ளான் ஸ்டேஷன் படிக்கட்டில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். யாரோ ஒரு பெண் "அங்கிள், அங்கிள்" என்று தூக்கி உட்காரவைத்தாள். மனைவி வந்து என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். அங்கே இளம் டாக்டர் ஒருவர், தமிழ்ப் பெண், மூளையையும் காதையும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்றார்.

"உடம்புல எங்கயாவது இரும்பு, தகடு, ஸ்க்ரூ இருக்கா அங்கிள்?"

"இல்லம்மா. சின்ன வயசுல ஒரு லோரி ஆக்சிடெண்ட். கண்ணாடி குத்தியிருக்கும்." வருடக்கணக்கில் எல்லா டாக்டர்களிடமும் அதையே சொல்லிப் பழகிவிட்டது. ரெக்கார்டில் இருப்பதைச் சொன்னால்தான் சீக்கிரம் விடுவார்கள்.

எதற்கும் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இடது காதுக்குப் பின்னால் எலும்பைச் சுற்றியும் கழுத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், கடுகை அள்ளித் தெளித்த மாதிரி.

"கண்ணாடி இவ்வளவு பளிச்சுன்னு தெரியாது அங்கிள். இது இரும்பு. எம்ஆர்ஐ மெஷின் பெரிய காந்தம். உங்கள உள்ள அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியல." கொஞ்சம் தயங்கினார். "நீங்க எந்த மாதிரி ஆக்சிடெண்ட்ல இருந்தீங்க?"

என் மனைவி எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "வெடிம்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிக்கிட்டிருக்காரு. நான்தான் பாதி நம்பினேன்."

டாக்டர் வெடிப்பில் சிதறிய உலோகம் என்றே அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் முன்னாள் படைவீரர் விவகாரங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஏற்கெனவே பலமுறை போய்த் திரும்பிய இடம்தான். இந்த முறை இருந்த அதிகாரிக்கு என் மகன் வயது. மரியாதையாகவே பேசினார்.

"லோரி உடைந்தாலும் இரும்பு சிதறும், பாக்சிக்" என்றார் மலாயில். மலாய்க்காரர்கள் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அந்த நேரத்தில் அங்கே எதிரி நடமாட்டம் இல்லை என்றுதான் பதிவு சொல்கிறது. வேறு சாட்சி யாராவது இருக்கிறார்களா?"

லோரியில் என்னோடு இருந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். ஒருவர் சரவாக்குக்குத் திரும்பிப் போனார், அதன் பிறகு தகவல் இல்லை. மற்றவர்கள் இறந்துவிட்டார்கள்.

இதை நான் நண்பனிடம் சொன்னது பிரிக்ஃபீல்ட்ஸில் அவன் வீட்டுக்குக் கீழே இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. பிறகு என் வலது பக்கத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் காதில்தான் எனக்குக் கேட்கும்.

"நான் சாட்சி சொல்றேன்டா."

"நீ எப்படி? நீதான் லோரியில இல்லையே."

"ஆஸ்பத்திரியில இருந்தேன்ல. அந்த ஆபீசர் உன்கிட்ட பேசுனது எனக்குக் கேட்டுச்சு. முழுசா."

என்ன பேசினார் என்று கேட்டேன். அவன் மேசையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அமைச்சர் டிவியில சொல்லிட்டாரு, ஏரியா கிளியர்னு. இப்போ வெடி இருந்துச்சுன்னு வெளிய போனா மேல இருக்கிறவங்க எல்லாரும் பதில் சொல்லணும். அதனால லோரி வழுக்கிக் கவுந்துச்சுன்னு வச்சுக்குவோம், உனக்கு ஒண்ணும் கொறையாது, பாத்துக்குவோம். அப்படின்னாரு. கடைசியா, 'லோரி தெர்பாலிக், பெத்துல்?'னு கேட்டாரு. நீ தலைய ஆட்டுன."

லோரி கவிழ்ந்தது, சரிதானே? அதுதான் கேள்வி. என் வாழ்க்கையிலேயே முக்கியமான கேள்வியை ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். அது எனக்குக் கேட்கவில்லை, பக்கத்துக் கட்டிலில் இருந்தவனுக்குக் கேட்டிருக்கிறது.

"உனக்கு எனக்குக் காது கேக்கலைன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"அந்த ஆளு திரும்பிப் போகும்போது என் கட்டில்கிட்டயும் நின்னாரு. 'உனக்கு மெடல் வருது, கால் வருது, வாய அடக்கிக்க'ன்னாரு. எனக்கு அப்போ காலும் இல்ல, வேலையும் இல்ல. அவங்கள விட்டா யாருடா எனக்குச் சோறு போடுவா? அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்லலாம்னு நெனப்பேன். வருஷம் ஆக ஆக சொல்றது கஷ்டமாயிருச்சு."

இலையை மடிக்காமல் எழுந்து கடைக்கு வெளியே வந்தேன். ரோட்டோரம் நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகள் இருந்தன. அவற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தைவிட அதிகமாக வந்தது பழைய அதே வயிற்றெரிச்சல்தான். காலும் மெடலும் மாலையும் அவனிடம் இருந்தன, சரி. என்னுடைய வெடிப்பின் கதையும்கூட இத்தனை நாள் அவனிடம்தான் இருந்திருக்கிறது. அதிலும் எனக்குப் பாதிதான்.

அவன் பின்னாலேயே வந்து நின்றான். புதுக் காலால் வேகமாக வந்திருந்தான், மூச்சு வாங்கியது.

"என்னைய அடிக்கணும்னா அடிச்சுரு. ஆனா அந்த ஆபீசுக்குப் போலாம்."

போனோம். அவன் பழைய பிளேசரில் மெடல்களைக் குத்திக்கொண்டு, பெரே தொப்பி வைத்துக்கொண்டு வந்தான். நான் பாசாரில் வாங்கிய சட்டை போட்டிருந்தேன். அந்த இளம் அதிகாரி அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் தனியாகப் போனபோது அவர் எழுந்து நிற்கவில்லை. வேறொரு அறையிலிருந்து அவருடைய மேலதிகாரியும் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் போத்தல் வைத்தார்கள்.

நண்பன் நல்ல மலாயில் எல்லாவற்றையும் சொன்னான். கண்ணிவெடிக் காயத்தோடு வருகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று தனக்குத் தெரியும், தானும் ஒருவன் என்றான். என்னைக் கொண்டுவந்தபோது என் முகத்தில் படிந்திருந்த கரியும் காதிலிருந்து வழிந்த இரத்தமும் எப்படி இருந்தன என்று சொன்னான். பிறகு அந்த அதிகாரி பேசியதை ஒரு சொல் விடாமல் சொன்னான். தன்னிடம் சொன்னதையும் மறைக்கவில்லை.

"அப்படியென்றால் உங்களையும் மிரட்டினார் என்கிறீர்களா?" என்று கேட்டார் மேலதிகாரி.

"மிரட்டவில்லை, துவான். விலை பேசினார். நான் வாங்கிக்கொண்டேன்."

அவன் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். இதே எக்ஸ்ரே, இதே வெடி. நான் சொன்னபோது மரியாதையோடு கேட்டுவிட்டு மறுத்தார்கள். அவன் சொன்னபோது எழுதிக்கொண்டார்கள். எனக்கு நடந்தது அவன் வாயிலிருந்து வந்தபோதுதான் உண்மையானது. எனக்காகத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தும் அவன் தொடையில் ஓங்கி ஒரு குத்து விட வேண்டும் போல இருந்தது.

மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். "இதை ஏன் நீங்கள் முன்பே சொல்லவில்லை?"

"சொன்னேன், துவான். இந்தக் கட்டடத்துக்குப் பலதடவை வந்து சொன்னேன்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களெல்லாம் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள்.

சில மாதங்கள் கழித்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. என் மனைவிதான் எடுத்தாள். பேசி முடித்துவிட்டு என் வலது காதருகே வந்து சத்தமாகச் சொன்னாள். "வெடியில பட்ட காயம்னு ஒத்துக்கிட்டாங்களாம். இனிமே ஸ்பெஷலிஸ்ட் பாப்பாராம். காது கேக்குற மெஷின் தருவாங்களாம்."

"வெடிய யாரு வச்சாங்கன்னு சொன்னாங்களா?"

"அது ஒண்ணும் சொல்லல."

நான் நேரில் போய்க் கேட்டேன். அன்று அரசாங்கம் சொன்னது பொய் என்று எங்காவது அறிவிப்பார்களா? லோரி ஓட்டியவர் மீது போட்ட பழியை எடுப்பார்களா? இளம் அதிகாரி சங்கடப்பட்டார். பழைய அறிவிப்புகளைத் திருத்துவது தங்கள் வேலை இல்லை என்றார். அந்த அமைச்சரும் இறந்துவிட்டார், அந்த ஆஸ்பத்திரி அதிகாரியும் இறந்துவிட்டார் என்றார். யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை. "பாக்சிக்கின் விஷயம் முடிந்துவிட்டது, சிகிச்சையைப் பாருங்கள் லா" என்றார் கனிவாக.

என் விஷயம்தான் முடிந்தது. டிரைவருடைய விஷயம் முடியவில்லை. காவல் வேலைக்குப் போன காலத்தில் அவருடைய கம்பத்துக்குத் திரும்பும் முனையை பஸ்ஸில் தினமும் கடந்திருக்கிறேன். அவருடைய வீட்டாரிடம் போய், உங்கள் பையன் கவனக்குறைவால் சாகவில்லை என்று சொன்னால், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்களே என்று இறங்காமலே போய்விடுவேன். இப்போது போகலாம் என்று நண்பனிடம் சொன்னேன். அவனே காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்தான்.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பெற்றோர் இல்லை. தங்கை மட்டும் இருந்தார். வாசலில் காலையில் நாசி லெமாக் சோறு விற்கும் மேசை துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உங்கள் அண்ணனோடு அந்த லோரியில் இருந்தவன் நான் என்று சொன்னதும், உட்காரச் சொல்லக்கூட மறந்து நின்றார். அப்புறம் என்னை மலாயில் அண்ணன் முறை வைத்து அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது.

"உங்களுக்கு ரொம்ப அடிபட்டதா, அபாங்? அப்பா உங்களையெல்லாம் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே விடவில்லை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை இல்லை, வழுக்கவில்லை, மெதுவாகத்தான் ஓட்டினார், வெடி இருந்தது, மறைத்தார்கள். அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் அழுதார். அப்பா சாகும்வரை தன் தம்பிகள் யாரையும் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள விடவில்லை என்றார்.

"அண்ணன் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தார்?"

"பாடிக்கொண்டிருந்தார். நடுவில் வார்த்தை மறந்துவிட்டது."

அழுகைக்கு நடுவே சிரித்தார். "எப்போதும் அப்படித்தான். ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது."

கொஞ்சம் அடங்கிய பிறகு எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். என் நரைத்த தலையையும் கையையும் ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய அண்ணனுக்குக் கிடைக்காத முதுமை என் உடம்பில் உட்கார்ந்திருந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

அதுவரை சும்மா இருந்த நண்பனிடம் திரும்பி, "இதெல்லாம் உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டார்.

அவன் மழுப்பவில்லை. "அப்போதே தெரியும்" என்றான்.

அவர் உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் ஒரே ஒரு கோப்பை கோப்பி இருந்தது. என் முன்னால் வைத்தார்.

திரும்பி வரும் வழியில் பந்திங் சாலையில் கன்டெய்னர் லோரிகள் வரிசையாக நின்றன. நகராமல் காத்திருந்தபோது என் பக்கம் குனிந்து சொன்னான்.

"உன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. என்னையப் பாக்கக்கூட இல்ல. கொடுத்து வச்சவன்டா நீ."

எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி, "என்னடா சொன்ன?" என்றேன். அவன் மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னான். எனக்கு நன்றாக இருந்தது.